ஜலதோஷம் பிடித்த வாத்து

குண்டூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அத்தை. உடம்பு ஒல்லி, தலை பெரிசு, எந்தப் பக்கம் தொட்டாலும் குத்துவாள். அதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்துக்கூட வைத்திருக்க முடியாது. ஒன்பது வயதிலேயே அவள் பிடித்தால் பிடித்ததுதான். புதுச் செருப்பு கடித்துக் கால் கொப்பளித்தாலும், "இதைத்தான் போடுவேன்னு நான்தானே சொன்னேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க அதிலேயே நடக்கும் சாதி.

அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் அளவுக்கு அறுத்துக் கொடுப்பார். கட்டரைக் கண்ணாடியின் மேல் வைத்தால் ஒரே இழுப்பு. இழுத்து முடிக்கும் வரை மூச்சுகூட விடமாட்டார். "கோடு பாதியில நின்னா கண்ணாடி அது இஷ்டத்துக்குப் போயிடும்" என்பதுதான் அவர் பேசியதில் நீளமான வாக்கியம் என்று வீட்டில் கேலி உண்டு.

அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அம்மா பேசிவிடுவாள். அவளுக்குத் தொழிலே பேச்சுதான். சினிமாவுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். கதாநாயகிக்கு இல்லை. கடைத்தெருவில் கூச்சல் போடும் கூட்டம், தொட்டிலில் அழும் குழந்தை, போனில் மட்டும் வந்து போகும் பக்கத்து வீட்டுக்காரி, இவர்களுக்கெல்லாம் அவள்தான் வாய். "உங்க அம்மா எந்தப் படத்துல வர்றாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எல்லாத்துலயும் வருவாங்க, உனக்குத்தான் தெரியாது" என்று குண்டூசி வெடுக்கென்று சொல்வாள்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்கு முதன்முதலாக ஒரு முழு வேஷம் கிடைத்தது. மனுஷ வேஷம் இல்லை, வாத்து. குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம். ரொட்டிக் கடையின் அடுப்பு ஓரத்தில் பொரிந்து, தண்ணீரையே பார்க்காமல் வளர்ந்த வாத்து ஒன்று கடலைத் தேடி ஊரெல்லாம் நடந்து போகிறது. படம் முழுக்க வாத்துதான் பேசும். அந்தக் குரலை அம்மா தானாகவே கண்டுபிடித்தாள். நாக்கை ஓரமாக ஒதுக்கி, காற்றை இடது கன்னத்துக்குள் தள்ளி, அதைப் பிழிந்து பிழிந்து வார்த்தையாக்க வேண்டும். வெங்காயம் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வீட்டில் ஒரே வாத்துப் பேச்சு. வாத்துக்கு எதிரியாக வரும் காக்காவின் வசனங்களைக் குண்டூசி சொல்ல வேண்டும். இப்படியே இரண்டு பேரும் முழுப் படத்தையும் சமையலறையிலேயே ஓட்டிவிட்டார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பார்.

படத்தில் வாத்து மழைநாளில் கால்வாய்க்குள் தலைகுப்புற விழுகிற காட்சி வரைக்கும் அம்மா பேசி முடித்திருந்தாள். மறுநாள் மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மண்டைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். குண்டூசி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அதில் அம்மாவின் செருப்பும் இருந்தது. அதனால் அவள் ஒன்றும் பயப்படாமல்தான் உள்ளே போனாள்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அப்பாவின் அக்கா மட்டும் ஒரு பெரிய பெட்டியோடு தங்கிவிட்டாள். அத்தைக்குப் பல் டாக்டரிடம் வேலை. வரிசையில் காத்திருப்பவர்களை அதட்டி உட்கார வைக்கும் வேலை. குரலும் அதற்கேற்ற மாதிரிதான். வந்த அன்றே அடுப்பு மேடையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, "அழுறதுன்னா அழுதுடுடி, உள்ள வெச்சுக்காதே" என்று குண்டூசியிடம் சொன்னாள்.

"வரலையே" என்றாள் குண்டூசி.

நிஜமாகவே வரவில்லை. எல்லோரும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. கல்லுளிமங்கி என்று யாரோ ஒரு பெரியம்மா காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.  

அப்போதுதான் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. அப்பா கேட்டுக்கொண்டே, "சரிங்க... ம்... சரிங்க" என்றார். வைத்ததும் குண்டூசி கேட்டாள்.

"எதுக்கு சரி சொன்னே?"

"அம்மாவால படத்தை முடிக்க முடியலைல்ல. அதனால வேற ஒருத்தங்களை வெச்சு முதல்லேர்ந்து பேச வைக்கப் போறாங்களாம் பாப்பா."

"அப்போ அம்மா பேசினது?"

அப்பா கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை எடுத்துடுவாங்க."

"எடுத்து எங்க வெப்பாங்க?"

"தெரியலைம்மா."

குண்டூசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மிச்சம் இருப்பது கடைசிப் பகுதிதான். அதை யாராவது அதே குரலில் பேசிவிட்டால் முன்னால் பேசியதை ஏன் எடுக்கப் போகிறார்கள்? வாத்து என்னென்ன பேசும் என்பது அம்மாவுக்கு அடுத்தபடியாக உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் மனப்பாடம். அவள் நாக்கை ஓரமாக ஒதுக்கினாள், கன்னத்தில் காற்றை அடைத்துத் தள்ளிப் பார்த்தாள். வெளியே வந்தது வாத்துக் குரல் இல்லை, எச்சில்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மனுஷக் குரலில் பேச அவள் மறுத்துவிட்டாள். காலையில் பல் தேய்க்கும்போது, தலை வாரிவிடும்போது, சாப்பிடும்போது, எப்போதும் கன்னத்தை உப்பி உப்பிக் கரகரத்தாள். முதலில் வெறும் காற்று, பிறகு ஏதோ சத்தம், அப்புறம் பாதிப் பாதியாக வார்த்தை. கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகிவிட்டது. அத்தை பல் டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்த களிம்பைத் தடவிவிட்டு, "கன்னம் ஓட்டையானா அப்புறம் குடிக்கிற தண்ணி வெளிய வந்துடும், பார்த்துக்கோ" என்று மிரட்டினாள். குண்டூசி களிம்பு ஒட்டிய கன்னத்தோடு, "வர்ட்டும்" என்றாள், வாத்தாக.

பள்ளிக்கூடத்தில் இது எவ்வளவு நாள் தாங்கும்? பாடம் படிக்கச் சொல்லி டீச்சர் எழுப்பிவிட்டார். மலைகளும் நதிகளும் பற்றிய பாடம் முழுவதையும் குண்டூசி வாத்துக் குரலில் படித்தாள். வகுப்பே கவிழ்ந்து விழுந்து சிரித்தது. டீச்சர் நிறுத்தச் சொல்லியும் அவள் நிறுத்தவில்லை. நதி கடலில் கலக்கும் இடம் வரை படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சாயங்காலம் தலைமையாசிரியை அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வழி நெடுக அத்தை குண்டூசியைத் திட்டிக்கொண்டேதான் போனாள். அறைக்குள் போய் உட்கார்ந்ததும் தலைமையாசிரியை மெதுவான குரலில், "பொண்ணு கொஞ்சம் சரியா இல்லைன்னு நினைக்கிறேன்" என்றார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா செத்துப்போயிருக்கா மேடம். சரியா இருந்தாதான் நாம கவலைப்படணும்."

"இல்ல, மத்த பசங்க கெட்டுப் போறாங்க..."

"வாத்து மாதிரி பேசினா பசங்க கெட்டுப் போவாங்களா? எங்க கிளினிக்ல பெரியவங்களே எப்படியெல்லாம் கத்துறாங்க தெரியுமா? பாடத்துல தப்பு விட்டாளா, அதைச் சொல்லுங்க."

தப்பு விடவில்லை என்று தலைமையாசிரியை ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாடம் படிக்கும்போது மட்டும் சொந்தக் குரல், விளையாடும்போது எந்தக் குரலும் என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது. திரும்பி வரும்போது அத்தை தெருமுனையில் நின்று, "எதுக்குடி இதெல்லாம்? நிஜத்தைச் சொல்லு" என்றாள். குண்டூசி சொன்னாள். அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள்.

அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லாமல் இருந்தது. வீட்டில் வாத்துக் குரல் கேட்டால் அவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார். குண்டூசியும் விடாமல் கடைக்குப் போனாள். கன்னத்தைச் சரியாக உப்புகிறோமா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. சுவரோரம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குண்டூசிகள். எல்லாக் குண்டூசிகளுக்கும் இடது கன்னம் உப்பியிருக்கும்.

ஒரு சாயங்காலம் அவள் அப்படி நின்று கால்வாயில் விழுந்த வாத்தின் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதன்முதலாக அது தடுக்காமல், அச்சு அசலாக வந்தது. கொஞ்சம் மெலிசு, ஆனாலும் அதே வாத்துதான். மேஜையில் அப்பா ஒரு பெரிய ஷீட்டில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. சடக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே பாய்ந்து பிளந்தது.

"போதும்!" என்றார் அப்பா. அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "அம்மா மாதிரி பேசாதே. என்னால முடியலை."

"நான் அம்மா மாதிரி பேசலை" என்றாள் குண்டூசி. பல நாளைக்குப் பிறகு அது அவளுடைய சொந்தக் குரல். துருப்பிடித்த மாதிரி இருந்தது. "வாத்து மாதிரிதான் பேசுறேன். நான் பேசலைன்னா அம்மாவை எடுத்துடுவாங்க. நீதான் சரின்னு சொன்னே."

அப்பா உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். விரலில் கீறி ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமலே பொறுக்கினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரக் கடைசியிலேயே அத்தை லீவு போட்டுவிட்டு அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். வெளியே பார்க்கச் சாதாரண வீடுதான். உள்ளே சுவரெல்லாம் பஞ்சு மெத்தை மாதிரி. பேசினால் வார்த்தை வாயை விட்டு இறங்கியதும் செத்துப்போகிறது. டைரக்டர் கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர், முகத்தில் தூக்கமே இல்லை. ஒலிப்பதிவு செய்பவர் ஆள் யானை மாதிரி. சுழல் நாற்காலி அவருக்குக் கீழே முனகிக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஓர் அக்கா வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவோடு கூட்டத்தில் கத்துகிற கூட்டாளி. அவள்தான் புது வாத்து. குண்டூசியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு கண்ணு. இன்னும் ஆரம்பிக்கலை, நாளைக்குத்தான்" என்றாள்.

குண்டூசி யாரும் கேட்பதற்குள் வந்த விஷயத்தைச் சொன்னாள். டைரக்டர் முதலில் சிரித்தார். அவள் நின்ற இடத்திலேயே கன்னத்தை உப்பி, "இந்தத் தண்ணி ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?" என்று வாத்தாகக் கேட்டதும் சிரிப்பு நின்றது. மைக்குக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு அவளை ஏற்றி நிறுத்திப் பேச வைத்துக் கேட்டார்கள். அம்மா பேசியதையும் அவள் பேசியதையும் ஒட்டி ஓடவிட்டார்கள். ஒட்டிய இடம் பல்லை இளித்தது. அம்மாவின் வாத்து நல்ல தடியான வாத்து. இவளுடையது அதன் பேத்தி மாதிரி.

"நல்லாத்தான் பண்றே" என்றார் டைரக்டர், வருத்தமாகவே. "ஆனா குரல் வேறயாயிடுது. திடீர்னு வாத்து மாறிப்போச்சேன்னு குழந்தைங்க கேப்பாங்க. அதுங்களை ஏமாத்த முடியாதும்மா."

 குண்டூசியே குழந்தைதான். அவளையும் ஏமாற்ற முடியாதுதான். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள். "விட்டுத்தள்ளு, நம்மால ஆனதைப் பண்ணியாச்சு" என்றாள் அத்தை. "இன்னும் பண்ணலை" என்றாள் அவள்.

அன்று மழை. அப்பா ஒரு கடையின் முகப்புக் கண்ணாடியைப் பொருத்தப் போய், பாதியில் விட முடியாமல் முழுக்க நனைந்து வந்திருந்தார். ஸ்டூடியோவில் நடந்ததை ராத்திரி அத்தை அவரிடம் சொன்னாள். மறுநாள் காலையில் மூக்கு அடைத்து, கண் சிவந்து, போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். போன் அடித்தது. ஏதோ வாடிக்கைக்காரர்.

"சொல்லுங்க" என்றார் அப்பா.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர், "முதலாளி இல்லையா? நீ யாருப்பா பேசுறது?" என்று கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த குண்டூசிக்கும் கேட்டது.

"நான்தாங்க. ஜலதோஷம்."

"அடடே, குரலே மாறிப்போச்சே!"

குண்டூசி துள்ளி எழுந்தாள். கையிலிருந்த ரொட்டி எகிறி அத்தையின் டீக்குள் விழுந்தது. "அப்பா! வாத்து கால்வாய்லதானே விழுந்துச்சு? மழையில! அதுக்கு ஜலதோஷம் பிடிக்கும்ல? குரல் மாறும்ல?"

அத்தை டீயிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டே, "வாத்துக்கு எங்கயாச்சும் ஜலதோஷம் பிடிக்குமாடி?" என்றாள்.

"இது அடுப்படியில வளர்ந்த வாத்து அத்தை! தண்ணியே பழக்கமில்லை!"

அப்பா போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார். புண்ணாகித் தடித்திருந்த அந்த இடது கன்னத்தை அவர் அன்றுதான் சரியாகப் பார்த்தார் என்று அத்தை பிற்பாடு சொல்வாள். "அவங்க இன்னைக்கு ஆரம்பிக்கிறாங்கன்னா இப்பவே போகணும்" என்றார். சட்டையை மாட்டினார். கடையைத் திறக்காமல் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

ஸ்டூடியோவில் புது வாத்து அக்கா அப்போதுதான் மைக் முன்னால் போய் நின்றிருந்தாள். அறைக்கும் ஒலிப்பதிவு மேஜைக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. குண்டூசி நேராகப் போய் அதைத் தட்டினாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். கால்வாய், மழை, அடுப்படி, ஜலதோஷம், எல்லாவற்றையும். டைரக்டர் "வாத்துக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் ஒலிப்பதிவு மனிதர் நாற்காலியோடு சுற்றித் திரும்பினார். "சார், தண்ணிலேர்ந்து எழுந்ததும் ஒரு தும்மல் போட்டுட்டா போதும். அதுக்கப்புறம் குரல் எப்படி இருந்தாலும் யாரு கேப்பா?" என்றார். டைரக்டர் மப்ளரை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டார். புது வாத்து அக்கா மைக்கை விட்டு வெளியே வந்து, "முதல்ல அவளை வெச்சு எடுத்துப் பாருங்க சார். சரியா வரலைன்னா நான் எங்கயும் போகலை" என்றாள்.

முக்காலி திரும்ப வந்தது. ஹெட்போன் பெரிசாக இருந்ததால் அக்கா அதைக் குண்டூசியின் தலையில் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று தெரிவதற்காக, முன்னால் அம்மா பேசியிருந்ததை ஓடவிட்டார்கள். கால்வாயில் விழுகிற அலறல் முடிந்ததும் நிறுத்த வேண்டியது. ஒலிப்பதிவு மனிதரின் தடித்த விரல் ஒரு கணம் தாமதித்துவிட்டது. காட்சி முடிந்த பிறகும் மைக்கில் பதிவாகியிருந்த பேச்சு ஹெட்போனிலும் வெளியே ஸ்பீக்கரிலும் கேட்டது. வாத்து இல்லை. அம்மா.

"அப்பாடா, கன்னம் மரத்துப்போச்சு. கொஞ்சம் தண்ணி குடுங்க... ஏங்க, இந்தக் காக்காவுக்கு யாரு பேசுறா? உயிரே இல்லை. எங்க வீட்ல ஒரு காக்கா இருக்கு, என் பொண்ணு. கூட்டிட்டு வர்றேன் பாருங்க, பிச்சு உதறிடுவா..."

ஒலிப்பதிவு மனிதர் பதறிப்போய் நிறுத்தினார்.

குண்டூசி படத்திரையைப் பார்த்தபடியே நின்றாள்.  முதலில் தோள் குலுங்கியது. பிறகு அவள் அழுதாள். வாத்துக் குரலில் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவைத் தேடி எப்படி அழுமோ அப்படி, வாயைத் திறந்து, சத்தம் போட்டு அழுதாள். அந்த மெத்தைச் சுவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். அவரும் அழுதார். ஜலதோஷத்தோடு அழுகிறவரின் முகம் பார்க்கச் சகிக்காது. அதைப் பார்த்து அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுதாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார் டைரக்டர் மெதுவாக. "இன்னொரு நாள் பார்க்கலாம்."

"வேண்டாம்" என்றாள் குண்டூசி, அப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி. "இன்னைக்கே." மூக்கு முழுக்க அடைத்திருந்தது. 'இன்னைக்கே' என்பது 'இட்டைக்கே' என்று வந்தது.

ஒலிப்பதிவு மனிதர் நிமிர்ந்தார். "சார், அந்தக் குரலைக் கேட்டீங்களா?"

அப்பா அவளை முக்காலியில் இறக்கிவிட்டு அருகிலேயே நின்றார். படம் ஓடியது. திரையில் வாத்து கால்வாயிலிருந்து தலையை நீட்டிச் சிறகை உதறியது. எதற்கும் தயாராகக் குண்டூசி மூச்சை இழுத்த நேரத்தில் அப்பாவுக்கு அடக்க முடியாமல் ஒரு தும்மல் வந்துவிட்டது. கண்ணாடியே அதிர்கிற தும்மல். அப்பா மிரண்டுபோய்க் கையால் வாயைப் பொத்தினார். குண்டூசி நிறுத்தவில்லை. அந்தத் தும்மலைப் பிடித்துக்கொண்டு, அடைத்த மூக்கோடு, "இந்தத் தண்ணி ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?" என்று கேட்டாள். வெளியே டைரக்டர் இரண்டு கைகளையும் தூக்கி, யாரும் அசையாதீர்கள் என்று காட்டினார்.

அந்தத் தும்மல் படத்தில் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் மெலிசாக்கி வைத்தார்களாம்.

எல்லாம் அன்றே முடிந்துவிடவில்லை. பல நாள் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா கடையை மூடிவிட்டுக் கூட்டிப்போவார். அழுகை வராத நாளில் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு பேசினாள். உதட்டசைவுக்கு ஏற்றபடி எப்போது தொடங்க வேண்டும் என்று புது வாத்து அக்கா முதுகில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தாள். வாத்து கப்பலின் சங்குச் சத்தத்தைக் கேட்டு அலறும் இடம் மட்டும் குண்டூசிக்கு எத்தனை தடவை செய்தும் வரவில்லை. தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அவள் ஒரு நாள் முழுக்க வீம்பு பிடித்தாள். கடைசியில் தானே இறங்கி வந்து, "அக்கா, இதை நீங்க கத்திடுங்க. உங்களுக்கு நல்லா வரும்" என்று சொல்லிவிட்டாள். அக்கா ஒரே மூச்சில் அலறிக் கொடுத்தாள்.

படம் வெளியானபோது மூன்று பேரும் தியேட்டருக்குப் போனார்கள். அத்தை தன்னுடைய கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் கன்னம் வீங்கிய சிலரும் வந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. அம்மாவின் குரல் தியேட்டர் முழுக்க எழுந்தது. அப்பா நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். குண்டூசி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரொட்டிக் கடையில் வாத்து மாவுக்குள் விழுந்தபோது முன் வரிசைக் குழந்தைகள் எல்லாம் கெக்கலித்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், இந்தத் தடவை சத்தத்தோடு.

கால்வாய்க் காட்சி வந்தது. அலறல், தண்ணீர், தும்மல்.  முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு தன் அம்மாவிடம் திரும்பி, "ஐயோ பாவம்மா, அதுக்குச் சளி பிடிச்சிருச்சு" என்றது. அதன் அம்மா, "மழையில ஆடினா அப்படித்தான்" என்றாள். குண்டூசி அத்தையின் தொடையை வலிக்கிற மாதிரி கிள்ளினாள்.

கடைசியில் வாத்து கடலைப் பார்க்கிறது. நிறைய நேரம் பேசாமல் நிற்கிறது. பிறகு, "இவ்வளவு பெரிசா இருக்கே, இதை யாரு நிரப்பினாங்க?" என்று கேட்கிறது. அந்த வரியைச் சொல்லிய நாளை அவள் மறக்கவில்லை. ஆனால் தியேட்டரில் கேட்கும்போது அது தன் குரலா, அம்மாவின் குரலா என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். அணிலுக்கும் குட்டி யானைக்கும் பேச வரச் சொன்னார்கள். குண்டூசி போகவில்லை. "எனக்கு இது ஒண்ணுதான் முடிக்க வேண்டியிருந்துச்சு" என்றாள். வீட்டில் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள். சண்டையும் அதே குரலில்தான். அம்மாவின் அலமாரியைத் திறக்க வேண்டாம் என்று அப்பாவும், திறந்தால்தான் பூச்சி அரிக்காமல் இருக்கும் என்று அவளும் ஒரு வாரம் மல்லுக்கு நின்றார்கள். அவள்தான் ஜெயித்தாள். அலமாரியைத் திறந்து, துணிகளை வெயிலில் காயப் போட்டு, ஒரு சட்டையைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி அத்தையிடம் நீட்டினாள். "எனக்குத் தையல் தெரியாதுடி" என்றாள் அத்தை. "தெரிஞ்சுக்கோ" என்றாள்.

இன்றைக்கு அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையை எடுத்துச் செய்கிறாள். பத்து மாடி உயரத்தில் தொங்கு மேடையில் நின்றுகொண்டு, கீழே நிற்கும் ஆட்களிடம் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்துவாள். காற்று எவ்வளவு அடித்தாலும் அவள் சொல்வது கீழே கேட்கும். "இந்த இடத்துல பொருந்தாது மேடம்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கமாட்டாள். "எப்படி வெச்சா பொருந்தும்னு பார்த்துச் சொல்லு, அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்" என்பாள். சொன்னபடியே நிற்பாள்.